அணைத்தால் மறக்கும் கசெட்

அக்கரப்பத்தனை,
11.06.2024

அன்புள்ள அஃப்ஹம் நானாவுக்கு,

காற்றுக்கு டவர் விழுந்ததிலிருந்து இந்தப் பக்கம் போன் வேலை செய்வதில்லை. அதனால் ஹட்டன் பஸ் கண்டக்டர் சிவசாமி அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

உங்கள் கடையில் வாங்கிய பழைய லொறி கேம் கசெட் ஓடவில்லை. டிவியில் போட்டால் திரை கறுப்பாகவே நிற்கிறது.

அது எனக்கில்லை, றொக்சன் அண்ணனுக்கு. உங்கள் கூட்டாளி இப்போது நீங்கள் அறிந்த ஆள் இல்லை. கொழும்பில் கட்டட வேலையில், கூட நின்ற திலக்ஷன் சாரத்திலிருந்து விழுந்து இறந்ததைக் கண்ணால் பார்த்தவன். வீட்டுக்கு வந்ததிலிருந்து பேச்சில்லை. வைத்த சோறு ஆறிப்போகிறது. சென்ற வாரம் ஒன்றே ஒன்று கேட்டான்: "அஃப்ஹம் கடையில அந்த லொறி கேம் இன்னும் இருக்குமா?" அதைப் பிடித்துக்கொண்டுதான் ஓடி வந்தேன். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

இப்படிக்கு,
றொசானா


ஹட்டன்,
12.06.2024

அன்புத் தங்கச்சி,

கடையில் நின்றபோது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. எனக்கு யாரும் சொல்லவில்லை.

கசெட்டின் அடியில் தெரியும் பித்தளைப் பற்களை அழிறப்பரால் தேய்த்து, ஸ்பிரிட் தொட்ட துணியால் துடையுங்கள். வாயால் ஊத வேண்டாம். பள்ளிக்கூடக் காலத்தில் றொக்சன் ஊதி ஊதியே என் கசெட் எல்லாம் துருப்பிடித்தது. கேட்டால், "என் மூச்சு இல்லடா, ஒன் மூஞ்சியப் பாத்துதான் துருப்பிடிச்சிருச்சு" என்பான்.

அவனுக்கு என் சலாம்.

அஃப்ஹம்


அக்கரப்பத்தனை,
17.06.2024

அன்புள்ள நானாவுக்கு,

உங்கள் கடிதத்துக்கு முன்பே அப்பா முந்திவிட்டார். தொழிற்சாலையில் தேயிலை காயவைக்கும் ட்ரையரில்தான் அவருக்கு வேலை. "பனி ஏறிப்போச்சு புள்ள, கொஞ்சம் சூடு காட்டுனா சரியாகிரும்" என்று கசெட்டைக் கொண்டுபோய்த் தேயிலையோடு காயவைத்துவிட்டார். இன்னமும் தேயிலை மணக்கிறது.

ஆனால் ஓடியது, நானா. அண்ணன் எழுந்து உட்கார்ந்தான். மலை உச்சி ஊர் வரை லொறியைக் கொண்டுபோனான். கேட்காமலே ரொட்டி எடுத்துச் சாப்பிட்டான். அம்மா குசினிக்குள் போய் அழுதார்.

மறுநாள் போட்டால் எல்லாம் அழிந்திருந்தது. அடிவாரத்தில் வெறும் லொறி நிற்கிறது. "இதுவும் போச்சா" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவன், அன்றிலிருந்து தண்ணீர் மட்டும்தான். அப்பா தன்னால்தான் என்று வேலைக்கும் போகாமல் உட்கார்ந்திருக்கிறார்.

சரிசெய்ய முடியுமா? முடியாதென்றால் அதையும் சொல்லிவிடுங்கள்.

றொசானா


ஹட்டன்,
18.06.2024

தங்கச்சி,

முடியும். ஆடிய இடத்தை நினைவில் வைப்பது உள்ளே இருக்கும் சின்ன வட்டப் பேட்டரி. பழசு; சூட்டில் மிச்ச உயிரும் போயிருக்கும். எப்படியும் சாகிற பேட்டரிதான் என்று அப்பாவிடம் சொல்லுங்கள். போனது திரும்பாது. புதியதைப் பற்றவைத்தால் இனி ஆடுவது தங்கும்.

வாப்பா ஆஸ்பத்திரியில். கடையை விட்டு என்னால் வர முடியவில்லை. கசெட்டை பஸ்ஸில் கொடுத்துவிடுங்கள்.

அஃப்ஹம்


அக்கரப்பத்தனை,
19.06.2024, காலை

நானா,

உங்கள் கடிதத்தை அண்ணனுக்கு வாசித்துக் காட்டினேன். கசெட்டைக் கடதாசியில் சுற்றும்போது கையை நீட்டி வாங்கிக்கொண்டான். "நானே கொண்டுபோறேன்." அப்பா கூடப் போக எழுந்தார். "யாரும் வர வேணாம்." அந்தக் குரலுக்கு அப்பா உட்கார்ந்துவிட்டார்.

எனக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை. தலவாக்கலையில் பஸ் அணைக்கட்டுத் தண்ணீரை ஒட்டிப் போகும். அங்கே இறங்கிவிடுவானோ என்று பயமாக இருக்கிறது. சிவசாமி அண்ணன் இன்று லீவு. புதுக் கண்டக்டருக்கு இவனைத் தெரியாது.

அதனால் இந்தக் கடிதத்தை ஒட்டி அவனிடமே கொடுக்கிறேன். பிறர் கொடுத்த பொருளைச் சேர்க்காமல் விடமாட்டான், சின்னதிலிருந்தே அப்படி. நம்பிப் பிடித்துக்கொள்ள எனக்கு அது ஒன்றுதான் இருக்கிறது.

நீங்கள் இதை வாசித்தால், அவன் உங்கள் முன்னால் நிற்கிறான். ஒன்றும் கேட்காதீர்கள். சாப்பிட ஏதாவது வையுங்கள். வாசித்தேன் என்று ஒரு வரி பின்னேர பஸ்ஸில் அனுப்புங்கள். பஸ் வரும்வரை நான் சந்தியில்தான் நிற்பேன்.

றொசானா


ஹட்டன்,
19.06.2024

தங்கச்சி,

வாசித்தேன்.

கசெட்டைத் திறந்ததும் ஊதப் போனான். கையில் ஓர் அடி போட்டேன்.

அஃப்ஹம்