நூறு கெஜக் கயிறு

அன்புள்ள மாஸ்டர்,

நேற்று மத்தியானம் பெய்த மழையில் எங்கள் வீட்டுத் துணிக்கொடி விறைத்துப்போய், கட்டியிருந்த ஆணியையே சுவரிலிருந்து பிடுங்கிவிட்டது. ஈரக் கயிற்றின் வாடை மூக்கில் ஏறியதும் உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. மனைவி ஆணியைத் தேடிக்கொண்டிருக்க, நான் நின்று சிரித்தேன். நீங்கள் காலமாகி எட்டு மாதம் ஆகிறது. இப்போதுதான் உங்களை நினைத்துச் சிரிக்க முடிகிறது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் கண்டியில் அந்த மிஷன் பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு. நீங்கள் விஞ்ஞானமும் தேகப்பயிற்சியும். நீங்கள் யாழ்ப்பாணம், நான் பன்வில தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையின் மகன். ஒரே வயது, கட்டுகஸ்தோட்டையில் ஒரே அறை. நனைந்த கயிறு சுருங்கும் என்று எட்டாம் வகுப்புக்குப் பாடம் நடத்தியவர் நீங்கள். விளையாட்டுப் போட்டிக்கு முதல் நாள், மைதானம் அளக்கும் கயிற்றைப் புல்லிலேயே விட்டுவிட்டு வந்தவரும் நீங்கள்தான். இரவெல்லாம் மழை. காலையில் அந்தக் கயிற்றில் கெஜத்துக்கு ஒன்றாக இருந்த முடிச்சுகளை எண்ணி, நூறு கெஜத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டவன் நான். கணக்கு வாத்தியாருக்கு முடிச்சு சரியாக இருந்தால் போதாதா?

பிற்பகலில் செல்லையா ஓடினான். விடுதி மாணவன், எங்கள் பன்விலப் பையன், வெறுங்கால். பதினொரு விநாடிக்குள் ஓடுகிறவனைக் கொழும்புப் போட்டிக்கு அனுப்புவதாகத் தலைமை ஆசிரியரான பாதிரியார் சொல்லியிருந்தார். இவன் பத்துச் சொச்சத்தில் வந்து நின்றான். மறுநாள் காலையில் கொழும்புக்குத் தந்தி கொடுப்பதாகப் பாதிரியார் அங்கேயே அறிவித்துவிட்டார்.

கூட்டம் கலைந்த பிறகு, வேலியில் காய்ந்து கிடந்த கயிற்றைச் சுருட்டப் போன நீங்கள், ஏதோ தோன்றி அதை ஓடுபாதை நெடுகப் பிடித்து வைத்தீர்கள். ஒரு நுனி தொடக்கக் கோட்டில் இருந்தது. மறு நுனி முடிவுக் கோட்டைத் தாண்டி நாலு கெஜம் நீண்டு கிடந்தது.

"மாஸ்டர், இஞ்ச வாரும். பெடியன் நூறு கெஜம் ஓடேல்லை" என்று என்னைக் கூப்பிட்டீர்கள்.

"யாருக்குங்க தெரியப்போகுது? சுருட்டி உள்ள வச்சிருவோம்" என்றேன். அப்படிச் சொன்னதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

"கொழும்பில அளக்கிற இரும்புச் சங்கிலி மழைக்குச் சுருங்காது. அங்க போய்த் தோத்தால் பெடியன் தன்ர காலைத்தான் குறை சொல்லுவான்."

நான் முடிவுக் கோட்டை நாலு கெஜம் தள்ளிப் போட்டேன். நீங்கள் விடுதிக்குப் போய்ச் செல்லையாவைக் கூட்டிவந்தீர்கள். வென்ற குஷியில் மூன்று பணிஸ் ரொட்டி தின்றிருந்தான்.

"ஏன் சார் திரும்ப ஓடணும்? நான் ஏதும் தப்புப் பண்ணிட்டேனா?"

"தப்பு பண்ணது நான்டா. நீ ஓடு" என்றேன்.

வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. நான் தொடக்கத்தில் கைக்குட்டையை அசைத்தேன். ஓடி முடித்தவன் குனிந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டான். நீங்களோ நிறுத்துக் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றீர்கள். அந்த நூறு கெஜத்தை நான் எப்படிக் கடந்து வந்தேனோ தெரியாது. கடிகாரத்தை என்னிடம் நீட்டினீர்கள். முள் பதினொன்றுக்கு ஒரு கோடு முன்னால் நின்றிருந்தது. அப்பாடா என்று புல்லிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பாதிரியாரிடம் போய், "பிழை என்னுடையது" என்று இருவரும் ஒரே மூச்சில் சொன்னோம். அவர் புதிய நேரத்தை எழுதிக்கொண்டார். "ஒரு பிழைக்கு ஒருவர் போதும், மற்றவர் போய்த் தேநீர் குடிக்கலாம்" என்றார். தேநீர் யாருக்கு என்று கட்டுகஸ்தோட்டை வரை சண்டை பிடித்துக்கொண்டே நடந்தோம்.

செல்லையா கொழும்பில் மூன்றாவதாக வந்தான். சங்கிலியால் அளந்த நூறு கெஜத்தில்.

அதன் பிறகு எத்தனையோ முறை அந்தச் சண்டை வந்தது. "கயித்தை நனைய விட்டது நான்தானே" என்று கடைசிவரை முழுப் பிழையையும் நீங்களே எடுத்துக்கொண்டீர்கள். ஒரு தரம்கூட விட்டுக்கொடுக்கவில்லை.

இன்று புது ஆணி அடித்துக் கொடியைக் கொஞ்சம் தொய்வாகக் கட்டினேன், மழையில் சுருங்க இடம் வேண்டுமே. இனி மறுத்துப் பேச நீங்கள் இல்லை, மாஸ்டர். அதனால் துணிந்து எழுதுகிறேன்: அந்தப் பிழையில் பாதி என்னுடையது.