பதினாலாம் நம்பர் மனை

நெரவி
கார்த்திகை 20

அன்பு மகள் கீர்த்திகாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் உடம்பளவில் நலம், மூளையளவில் உன் அப்பா எப்போதும் போல. அங்கே பிரான்ஸ் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சின்னவளும் சளி பிடிக்காமல் இருக்க மாரியம்மனிடம் சொல்லி வைத்திருக்கிறேன், அவள்தான் இப்போது ஊர் வெள்ளத்தைப் பார்ப்பதில் கொஞ்சம் பிஸி. போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். போனில் சொன்னால் உன் அப்பா பக்கத்தில் நின்று கனைத்துக்கொண்டே இருப்பார், பாதி விஷயம் தொண்டையிலேயே நின்றுவிடும். கடிதத்தோடு ஒரு காகிதமும் வைத்திருக்கிறேன், அதை அப்புறம் பார், முதலில் இதைப் படி.

நம் மேட்டு வயலுக்கு ஆற்றுத் தண்ணீர் ஏறாது என்பது நீ சிறுபிள்ளையாக இருக்கும்போதே கேட்ட புலம்பல். கடைமடை என்றால் அப்படித்தான். சித்திரையில் ஒருநாள் உன் அப்பா சோற்றில் கையை வைத்தபடியே, தண்ணிய மேல ஏத்தத்தான முடியல, வயலக் கீழ எறக்கிட்டா என்ன என்றார். நானும் ஆகா என்றேன், அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு. பக்கத்து நிலத்தை மனை போட்டு நகராக்கிக்கொண்டிருந்தவர்களுக்கு மண் வேண்டியிருந்தது. ஜேசிபி வந்தது, டிப்பர் வந்தது, நம் வயலில் மூன்றடி மண்ணை வழித்து அங்கே கொட்டினார்கள். காசு கூட வாங்கவில்லை, எடுத்துக்கொண்டு போனால் போதும் என்று டிரைவர்களுக்கு டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தார் மகராசன். மேல்மண் போனதும் அடியில் இருந்தது வெளுத்த உவர்மண். சம்பா விதைத்ததில் பாதி முளைக்கவில்லை. இருந்தாலும் ஐப்பசியில் மழை இறங்கினதும் பாத்தியா பாத்தியா தண்ணி தானா வருது என்று வரப்பில் நின்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குதித்தார். வந்தது உண்மை. போகத்தான் இல்லை.

ஏன் போகவில்லை என்பதற்கு வருகிறேன். மேலே அல்லி குத்தகைக்கு எடுத்திருக்கும் வயலின் தண்ணீர் நம் வயலுக்கு வரும், நம்முடையது பக்கத்து நிலத்து ஓரமாக ஓடும் வடிகாலில் விழுந்து ஆற்றுக்குப் போகும். இதற்குப் பட்டாவும் கிடையாது, பத்திரமும் கிடையாது. உன் தண்ணீர் என் நிலம் வழியாகப் போகட்டும் என்று எந்தக் காலத்திலோ பேசிக்கொண்டது, அவ்வளவுதான். அந்த வடிகாலை நம் மண்ணைக் கொட்டித்தான் தூர்த்திருக்கிறார்கள். யாரும் தோண்டக் கூடாதென்று அதன் வாயில் ஒரு பிள்ளையாரையும் உட்கார வைத்திருக்கிறார்கள். இப்போது அவருக்கு இடுப்பளவு தண்ணீர், மூஞ்சூறு எப்போதோ முழுகிவிட்டது.

அந்த வடிகாலில்தான் நீ பாவாடையை விரித்து கெண்டை பிடிப்பாய், சகதியோடு வந்து என்னிடம் அடி வாங்குவாய். கெண்டையும் இல்லை, மடையான் கொக்கும் இல்லை, ஆமையும் போன இடம் தெரியவில்லை. தவளையும் தண்ணீர்ப் பாம்பும் மட்டும் நம் வீட்டுக்குக் குடிவந்துவிட்டன. போன செவ்வாய்க்கிழமை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒன்று சுருண்டு கிடந்தது. துடைப்பத்தைத் தூக்கினால் உன் அப்பா தடுக்கிறார், பாவம் நீலா, அதுக்கு வீடு போச்சு என்கிறார். எனக்குச் சுருக்கென்றது. அதன் வீட்டில்தானே பாப்பா உனக்கு மனை வாங்கியிருக்கிறோம்.

ஆமாம், பதினாலாம் நம்பர் மனை. கொல்லைக் கதவைத் திறந்தால் தெரியும், நீ வீடு கட்டிக்கொண்டு வந்தால் குழம்புக் கிண்ணத்தோடு நடந்தே போகலாம் என்று தேடித் தேடி எடுத்தவள் நான்தான். வடிகால் ஓடின இடம் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். அடியில் பெரிய பைப் வைத்துவிடுவோம்மா என்று புரோக்கர் சொன்னான், நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. கண் படுமே என்று உன் பேரில் வாங்கினதை ஊரில் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அல்லி வந்தாள். அவள் நட்டதெல்லாம் பத்து நாளாக முழுகி அழுகிவிட்டது. இரண்டு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்த ஒரு போகத்தை நம்பி இருப்பவள். ஆபீஸில் போய்க் கேட்டாளாம். அந்த வடிகால் சர்வே படத்திலேயே இல்லை, மனைக்காரர் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் நாளைக்கே தோண்டலாம், இல்லாவிட்டால் கோர்ட்டுதான் என்று சொல்லிவிட்டார்களாம். எவ வாங்குனாளோக்கா அந்தப் பதினாலாம் நம்பர, என் வயித்துல அடிச்சிட்டு அவ வீடு கட்டி வெளங்குவாளா என்று நம் அடுக்களையில் உட்கார்ந்து வாயார ஏசினாள். நான் காபி ஆற்றிக் கொடுத்து, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன். உன்னைப் பெற்றவள் தலையாட்டினேன்.

காகிதம் அதற்குத்தான். கையெழுத்துப் போட்டால் அங்கே உனக்கு வீடு இல்லை, மறுபடி விற்கவும் முடியாது. மாப்பிள்ளை முகம் சுளித்தால் மாமியார் வாங்கிக் கொடுத்த லட்சணம் என்று என் பேரைச் சொல், வாங்கிக்கொள்கிறேன். வந்து தங்க நம் வீடு இருக்கிறது, பாம்போடு சேர்த்து. வயல் பழையபடி ஆகுமா என்று கேட்காதே, வழித்த மண் திரும்ப வராது. தண்ணீராவது போகட்டும், அல்லி தை மாதத்தில் உளுந்தாவது தெளிக்கட்டும். பிள்ளையாரைத் தள்ளி வைக்கும் வேலையை உன் அப்பா ஏற்றுக்கொண்டிருக்கிறார், சாமி குத்தம் வந்தால் அவருக்கே வரட்டும்.

சின்னவளுக்கு நல்லெண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டு, சாக்லேட்டைக் குறை. மூன்று பேரும் நோய் நொடியில்லாமல் நிறைந்து வாழவேண்டும். பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருக்கும் இரண்டு இடத்திலும் கையெழுத்துப் போட்டு உடனே அனுப்பு. அது வந்ததும் அல்லியைக் கூப்பிட்டு உட்கார வைத்து, காபி கொடுப்பதற்கு முன்னால், அந்த மனைக்காரி யார் என்று நானே சொல்லிவிட வேண்டும்.

இப்படிக்கு,
பதினாலாம் நம்பர்காரியின் அம்மா
நீலாயதாட்சி சோமு