பூசணி விதையும் கட்டிங் பிளேயரும்

மார்ச் 3, செவ்வாய்

அக்காவின் ரத்தப் பரிசோதனைத் தாள் வந்துவிட்டது. ஹீமோகுளோபின் 8.4. ஏழாம் மாதத்தில் இருப்பவளுக்கு இது போதாதாம். மே மாதம் பாதிக்குள் பத்தைத் தொட வேண்டும். தொட்டால் பக்கத்துத் தெரு பிரசவ நிலையத்திலேயே பிள்ளை பெறலாம். தொடாவிட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்துவிடுவார்கள். இரண்டு பஸ் மாற வேண்டும்.

போன தடவை அக்கா அங்கேதான் போனாள். வெறுங்கையோடு திரும்பினாள். அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. நானும் எழுதப் போவதில்லை.

நர்ஸ் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். "மாத்திரையை விடக் கூடாது. கூடவே எள்ளு, பூசணி விதை, தினம் ஒரு கைப்பிடி சாப்பிடு" என்றார். கடையில் பூசணி விதை இருக்கிறது. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருக்கிறது. அக்காவின் வீட்டுக்காரர், மாமா, விலையைப் பார்த்தார், கதவைத் திறக்கவில்லை.

மார்ச் 5, வியாழன்

நான் வேலை செய்யும் உணவகத்தில் இறைச்சி, பால், முட்டை எதுவும் கிடையாது. வாசலில் பலகை: "மண்ணுக்கு நன்றி சொல்லும் சமையலறை." எங்கள் வீட்டிலும் மாதக் கடைசிப் பத்து நாள் இறைச்சி, பால், முட்டை கிடையாது. நாங்கள் பலகை வைக்கவில்லை.

இன்று வேலை செய்துகொண்டே யோசித்தேன். தினமும் சூப்புக்கு மஞ்சள் பூசணி ஆறு வெட்டுகிறேன். நடுவில் இருக்கும் நாரையும் விதையையும் வழித்துக் கழிவு வாளியில் போடுகிறேன். பிறகு சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றி, மேலே பூசணி விதை தூவுகிறேன். பாக்கெட்டில் வருவது. பச்சையாக, தோல் இல்லாமல், கப்பலேறி வந்த விதை.

எட்டு மாதமாக இதைச் செய்கிறேன். இன்றைக்குத்தான் உறைத்தது. நான் என்ன மரமண்டையா?

மாஸ்டரிடம் கேட்டேன். இருபது வருஷமாகச் சமைக்கிறவர்.

"நம்ம பூசணியிலயே விதை இருக்கே மாஸ்டர்?"

"அதுக்குத் தோல் இருக்கும்மா. யாரு உக்காந்து உரிக்கிறது?"

"நான் எடுத்துட்டுப் போகட்டுமா?"

"வாளிக்குப் போற பொருள். வாளிக்கிட்ட கேளு."

வாளி ஒன்றும் சொல்லவில்லை.

மார்ச் 6

உணவகக் குழாயில் முதலாளி மேடம் ஒரு கருவி மாட்டியிருக்கிறார். நாற்பது விநாடியில் தண்ணீர் நின்றுவிடும். நீர் சேமிப்பு. அதனால் விதையை அங்கே அலச முடியவில்லை, நாரோடு டப்பாவில் அடைத்துக் கொண்டுவந்தேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார்.

குழாய்க்கு நேர் எதிரே பாதாமை ஊறவைத்த அண்டா. பாதாம் பால் எடுத்ததும் சக்கையை வாளியில் கொட்டுவோம். ஒரு பாதாம் விளைய நாலு லிட்டர் தண்ணீராவது வேண்டுமாமே என்று போன மாதம் ஒரு வாடிக்கையாளர் மேடத்திடம் கேட்டார். "நல்ல கேள்வி" என்றார் மேடம். அதோடு சரி.

மார்ச் 9, திங்கள்

மொட்டைமாடியில் காயவைத்ததில் பாதியைப் புறா தின்றுவிட்டது. அதற்கும் ரத்தம் குறைவோ என்னவோ.

மீதியை வறுத்தோம். தோல் உரிப்பது எப்படி? நகத்தால் முயன்றேன், நகம் போனது. மாமா பல்லால் முயன்றார், போன வருஷம் அடைத்த பல் போனது. மாமா எலக்ட்ரீஷியன். பையைத் திறந்து கட்டிங் பிளேயரை எடுத்தார். ஓரத்தை மெல்ல அழுத்தினால் டக். பருப்பு முழுசாக வந்துவிட்டது.

"இத்தனை வருஷம் இதால கம்பியத்தானே வெட்டிட்டு இருந்தேன்" என்றார், ஏதோ ஏமாந்துபோனவர் மாதிரி.

ஒரு கைப்பிடிக்கு ஒன்றரை மணி நேரம்.

மார்ச் 14, சனி

தினமும் நாலு மணிக்கு அக்காவுக்கு ஒரு கைப்பிடி விதை. டீயோடு கொறித்தால் நன்றாக இருக்கிறதாம். மாத்திரையையும் அப்போதே விழுங்கிவிடுகிறாள். வெறும் தண்ணீரில் போட்டால் இரும்பு வாடை அடிக்கிறதாம். ஷிப்ட் முடிந்து வந்ததும் நானே டீ போட்டுக் கொடுக்கிறேன். மூன்று பேரும் ஒரு வேலையாக இருக்கிறோம். வீடு நன்றாக இருக்கிறது.

மாஸ்டர் எனக்கு அணில் என்று பெயர் வைத்துவிட்டார்.

மார்ச் 19, வியாழன்

கூட்டம். மேடம் தினமும் கழிவு வாளியை எடை போட்டு எழுதிவைக்கிறார். கழிவே இல்லாத சமையலறை என்று சான்றிதழ் வாங்கப் போகிறார். இரண்டு வாரமாக நாளுக்கு ஒன்றரைக் கிலோ குறைந்திருக்கிறதாம்.

"இது நம்ம எல்லாரோட மனமாற்றம்" என்றார் மேடம். கேக் வெட்டினார். முட்டையில்லாத கேக். எல்லோரையும் நிற்கவைத்துப் படம் எடுத்தார். என் கையில் டப்பா இருந்தது, முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். மாஸ்டர் என் காதில் சொன்னார்: "சிரி அணிலு. மனம் மாறினது நீதான்."

மார்ச் 24, செவ்வாய்

8.5.

மூன்று வாரம். என் இரண்டு நகம், மாமாவின் பல், மொட்டைமாடி, புறா — எல்லாம் சேர்ந்து பாயின்ட் ஒன்று.

நர்ஸ் அக்காவைத் திட்டவில்லை. "எதோட சாப்பிடுறே?" என்று மட்டும் கேட்டார்.

"டீயோட."

"மாத்திரை?"

"அதுவும் டீயோடதான்."

நர்ஸ் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அம்மா, தாயே. டீ இரும்புச்சத்த உடம்புல ஏறவே விடாது. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழிச்சுக் குடி. முன்னாடியும் ஒரு மணி நேரம் வேணாம். விதைமேல எலுமிச்சம்பழம் பிழி. விதைய ராத்திரி ஊறவெச்சு வறுத்தா இன்னும் நல்லது. மாத்திரை தண்ணியில, தண்ணியில மட்டும்."

அக்கா என்னைப் பார்க்கவில்லை. அந்த டீயை எல்லாம் ஊற்றிக் கொடுத்தது யார்? நான். ஒவ்வொரு நாளும், சர்க்கரை சரியாக இருக்கிறதா என்று ருசி பார்த்து. யாராவது முதல் நாளே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? வரிசையில் பின்னால் இருபது பேர் நிற்கிறார்கள், ஒரே ஒரு நர்ஸ், எப்போது சொல்வார்? யாரைத் திட்டுவது என்றே தெரியாமல் போய்விடுகிறது. அதுதான் எரிச்சல்.

மார்ச் 27, வெள்ளி

மாட்டிக்கொண்டேன். சான்றிதழ்காரர்கள் கழிவு குறைந்ததற்குக் காரணம் கேட்டார்களாம். மேடம் கேமரா பார்த்தாராம். கேமராவில் நான், டப்பா, வாளி.

"இது திருட்டுன்னு நான் சொல்லலம்மா. ஆனா நம்ம கணக்கையே பொய்யாக்கிட்டியே."

"குப்பைதானே மேடம்."

"நம்ம கிச்சன்ல குப்பைன்னு ஒண்ணு கிடையாது. பலகைய நீ படிக்கலையா?"

படித்திருக்கிறேன். தினமும் அதைத் துடைப்பதே நான்தான்.

அக்காவுக்காக என்று சொன்னேன். ஐயோ பாவம் என்று முகத்தை வைத்துக்கொண்டார். உண்மையாகவேதான், நடிப்பில்லை. அதுதான் இன்னும் மோசம். பிறகு, இனிமேல் எதுவும் வெளியே போகக் கூடாது என்றார். பிறகு, எப்படித் தோல் உரிக்கிறாய் என்று கேட்டார்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "பிளேயரால" என்று சொல்லித் தொலைத்தேன்.

ஏப்ரல் 2, வியாழன்

மேடம் புது பிளேயர் வாங்கித் தந்துவிட்டார். நீலக் கைப்பிடி. மதியம் இரண்டு மணியிலிருந்து நாலு மணிவரை நான் சூப்புக்கு விதை உரிக்கிறேன். வாசலில் இன்னொரு பலகை: "எங்கள் பூசணி, எங்கள் விதை." வாடிக்கையாளர்கள் வந்து பார்க்கிறார்கள். ஒருத்தர் என் கையை மட்டும் படம் எடுத்தார். நகம் இல்லாததைப் பார்த்து, "ரியல் ஹேண்ட்ஸ்" என்றார்.

பின்னே, பிளாஸ்டிக்கா?

"பூமியைக் காப்பாத்துற விதை, அணிலு" என்றார் மாஸ்டர். "உனக்குக் கிடையாது."

வீட்டில் நாலு நாளாக விதை இல்லை. அக்கா மாத்திரையைத் தண்ணீரில் விழுங்கிவிட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டாலாவது திட்டலாம்.

ஏப்ரல் 6, திங்கள்

பஸ் நிறுத்தத்துக்கு எதிரே காய்கறிக் கடை. கடைக்காரம்மா மஞ்சள் பூசணியைக் கீற்றுப் போட்டு விற்கிறாள். நடு நாரை வழித்து எங்கே போடுகிறாள்? காலுக்குக் கீழே ஒரு வாளி. ஒன்பது மாதமாக அதன் எதிரில்தான் பஸ்ஸுக்கு நின்றிருக்கிறேன்.

"இது எனக்கு வேணும்க்கா."

"எதுக்கு, மாட்டுக்கா?"

"என் அக்காவுக்கு."

கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "முழுகாம இருக்காளா?" தலையாட்டினேன். "வாளியோட எடுத்துக்க. வாளிய மட்டும் காலையில குடுத்துடு."

அவளிடம் பலகை எதுவும் இல்லை.

ஏப்ரல் 21, செவ்வாய்

9.3.

மாமா தாளை இரண்டு தரம் படித்தார். பிறகு பிளேயருக்கு எண்ணெய் போட்டார்.

ஏப்ரல் 29

உணவகத்தில் இரண்டு மணி நேரம் உரிப்பு, வீட்டில் ஒன்றரை மணி நேரம் உரிப்பு. பேனா பிடித்தால் கட்டைவிரல் வலிக்கிறது. இவ்வளவுதான்.

மே 12, செவ்வாய்

10.2.

நர்ஸ் தாளில் "இங்கேயே" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அக்கா அந்த ஒரு வார்த்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாத்திரைதான் ஏற்றியது என்றார் நர்ஸ். பிளேயர்தான் என்றார் மாமா. எலுமிச்சம்பழத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் அக்கா சொன்னாள்: "நீங்க ரெண்டு பேரும் உக்காந்து டக்கு டக்குன்னு உரிக்கிற சத்தத்தக் கேட்டுக்கிட்டு ஒரு மாத்திரையக் கூடத் துப்ப முடியலடி."

உணவகத்துக்கும் இன்று சான்றிதழ் வந்தது. விதை யோசனை யாருடையது என்று வந்தவர் கேட்டார். "எங்க டீமோடது" என்றார் மேடம். நான் உரித்துக்கொண்டிருந்தேன். டக்.

மே 31, ஞாயிறு

நேற்றுக் காலை பத்தேகாலுக்குப் பெண் குழந்தை. இரண்டு கிலோ எண்ணூறு. பக்கத்துத் தெருவில். மாமா நடந்தே வந்தார், நடந்தே போய் எல்லோருக்கும் சொன்னார், மறுபடி நடந்தே வந்தார்.

நான் இரண்டு நாள் லீவு. மாஸ்டர் போன் பண்ணினார். "பாக்கெட் விதையத்தான் தூவுறேன் அணிலு. பலகைய மாத்தல. ஒருத்தரும் கண்டுபிடிக்கல."

மதியம் அக்கா சாப்பிட்டாள், மாத்திரை போட்டாள். தொட்டிலை ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்: "பிள்ளதான் பெத்தாச்சே. இப்பவாவது ஒரு டீ குடேன்டி."

கடிகாரத்தைப் பார்த்தேன். இன்னும் இருபது நிமிஷம் இருந்தது.

"இரு" என்றேன்.

இருந்தாள்.