நான் திருத்திய வாக்குமூலங்கள்

ஸ்காபரோ, கனடா

அன்புத் தம்பிக்கு,

பாரிஸில் டாக்சிக்காரர் உங்களைக் கொள்ளையடித்ததாக நீயும் உன் வொலிபோல் அணியில் மூவரும் பொலிசுக்கு இங்கிலிஷில் எழுதிக் கொடுத்த வாக்குமூலங்களை நான்தான் திருத்தினேன்.

"அக்கா, இங்கிலிஷை மட்டும் பாருங்கோ, கதையைப் பாக்காதேங்கோ" என்று போனில் சொன்னாய். உனக்குப் பின்னால் உன் அணிக்காரன் ஒருவன், "நாங்கள் அவற்ற கார்க் கண்ணாடி உடைச்சதை எழுதிப்போடாத மச்சான்" என்று சிரித்தான். கேட்டும் திருத்தினேன்.

நான்கிலும் என் வாக்கியங்களே இருந்ததால் பொலிஸ் இப்போது உங்களைச் சந்தேகிக்கிறது. "வேற மாதிரி எழுதிக் குடு பிள்ளை, நீதானே படிச்சனி" என்கிறா அம்மா.

அந்த டாக்சிக்காரர் ஒன்பது நாளாகச் சிறையில் இருக்கிறார். எனக்குத் தெரிந்ததை நாளை பொலிசுக்கு அனுப்பப்போகிறேன். அதற்கு முன் நீயே போய் உண்மையைச் சொல். எழுதித் தரச் சொன்னால், எழுத்துப் பிழைகளோடேயே எழுதிக் கொடு.

உன் அக்கா