பச்சை வயருக்கு இடமில்லையாம்

அன்புள்ள சின்னவளுக்கு,

இதை எழுதும் நேரம்வரை நாங்கள் இருவரும் உயிரோடும் நலத்தோடும் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் நலம்தானே? உயிரோடும் என்று சும்மா எழுதவில்லை, மேலே படி.

நீ அனுப்பிய மின் அடுப்பு வந்தது. அழகுதான், ஆனால் வாங்குமுன் நம் சமையலறைச் சுவரில் என்ன சாக்கெட் இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? பிளக்குக்கு நான்கு கால், சுவரில் மூன்று துளை, அதில் எர்த்துக்கு இடமே இல்லையாம். கொண்டுவந்தவர்கள் பழைய மின் அடுப்பை வண்டியில் ஏற்றிய பிறகுதான் அதைப் பார்த்தார்கள், கனெக்‌ஷன் குடுக்கிறது எங்க வேலை இல்லம்மா என்று சொல்லிவிட்டுப் போயே போய்விட்டார்கள். நன்றாக எரிந்துகொண்டிருந்த அடுப்பு! என் வயிறுதான் எரிந்தது.

தெருமுனை எலக்ட்ரீஷியன் வந்து பார்த்து, எர்த்தோடு புது லைன் இழுக்கவேண்டும் என்றார். உன் அப்பாவுக்கு வந்ததே கோபம், இந்த வீட்டு வயரிங் என் கையால போட்டது, என் சுவத்துல இன்னொருத்தன் துளை போடுறதா என்று அவரை வாசலோடு அனுப்பிவிட்டார். அப்புறம் புது பிளக்கை வெட்டி, பரணில் கிடந்த பழைய மூன்று கால் பிளக்கை மாட்டி, மிச்சமிருந்த பச்சை எர்த் வயரை டேப் சுற்றி அடுப்புக்குப் பின்னால் செருகினார். அது எதற்கு என்றால், சும்மா பாதுகாப்புக்குடி என்கிறார். சும்மாவாம்! மறுநாள் ஒரு கை குழாயில், மறு கை அடுப்பில், தோள்வரை கரண்ட் சுண்டி இழுத்தது, பாத்திரம் பறந்தது. ஈரக்கையோட ஏன் தொட்டே என்று எனக்கே திட்டு. சமையலறையில் காய்ந்த கை யாருக்கடி இருக்கிறது?

அந்த லைனின் ஃபியூஸைப் பிடுங்கி என் கைப்பையில் போட்டுக்கொண்டேன், கடைக்குப் போனாலும் அது என்னோடுதான் வருகிறது. ஃபியூஸ் இருந்த இடத்தில் செப்புக் கம்பியை முறுக்கி வைத்துக்கொள்வேன் என்று மிரட்டுகிறார், செய்யக்கூடிய ஆள்தான். நீ போனில், நீங்க இருக்கும்போது ஆள் எதுக்குப்பா என்றாயாமே, அதைப் பதக்கம் மாதிரி மாட்டிக்கொண்டு திரிகிறார். உனக்குத் தெரியாதது ஒன்று, அவர் கை நடுங்குகிறது. அன்றைக்கு ஸ்க்ரூ இரண்டு தரம் நழுவி விழுந்தது, நானும் பார்க்காத மாதிரி எடுத்துக் கொடுத்தேன். இதை அவரிடம் கேட்டுவைக்காதே. ஆளைக் கூப்பிடுங்கப்பா, ஒழுங்கா போடுறானான்னு பக்கத்துல நின்னு பாருங்க என்று மட்டும் சொல். மேற்பார்வை என்றால் இறங்கி வருவார். ஏற்றிவிட்டவள் நீ, நீயே இறக்கு.

உன் வீட்டு அடுப்புக்குப் பின்னாலும் ஒருமுறை பார். நேரத்துக்குச் சாப்பிடு. உங்களுக்கு ஒரு குறையும் வராது, நன்றாக இருப்பீர்கள். கடிதம் கிடைத்த அன்றே போன் செய், நாளைக்கு என்று வைக்காதே.

கைப்பையில் ஃபியூஸோடு,
உன் அம்மா