உன் பெயரில் விரிந்த என் பக்கம்

உன் அண்ணன் மேசைமேல் வைத்த புகைப்படத்தில் சந்தனப் பொட்டு இன்னும் ஈரமாக இருந்தது. மாலையை எடுத்துவிட்டு, சட்டத்திலிருந்து உருவி, நேரே என் கடைக்குக் கொண்டுவந்திருக்கிறார். காரைக்காலில் கடைகளுக்கும் பள்ளிகளுக்கும் இணையதளம் செய்துகொடுக்கும் சின்னக் கடை என்னுடையது. சந்தன வாசனை அறை முழுவதும் பரவியது. நீ போய்விட்டாய் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அவளுக்கு ஒரு நினைவுப் பக்கம் போடணும்மா. வெளியூர்ல இருக்கிற சொந்தக்காரங்கல்லாம் பாக்கணும்னு அப்பா ஆசைப்படுறாங்க. நீதான அவளுக்கு நெருங்கின சிநேகிதி" என்றார்.

நெருங்கின சிநேகிதிதான். அதை நான் மறுக்கவில்லை. நெடுங்காட்டிலிருந்து நீயும் பட்டினச்சேரியிலிருந்து நானும் வந்து, கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். என் வீட்டுச் சோற்றுக்கு எத்தனை முறை வந்திருக்கிறாய்! என் அம்மா உனக்கென்று வஞ்சிரத்தின் நடுத்துண்டை எடுத்துவைப்பாள். "வயக்காட்டுப் பொண்ணு, முள்ளு எடுக்கத் தெரியாது" என்பாள்.

கடல் ஊருக்குள் வந்து போனதற்கு மறுவருஷம், நமக்குக் கடைசி ஆண்டு. ஒவ்வொருவரும் தன்னைப் பற்றி ஒரு இணையதளம் செய்ய வேண்டும், வேலைக்கு ஆள் எடுக்கப் புதுச்சேரியிலிருந்து வரும் கம்பெனிக்காரர்கள் அதைப் பார்ப்பார்கள் என்றார் சார். நீ அன்றைக்கே பிரவுசிங் சென்டருக்குப் போகலாம் என்று கையைப் பிடித்து இழுத்தாய். நான் காகிதத்தை எடுத்தேன்.

"என்னாடி இது, கட்டம் கட்டமா போட்டுக்கிட்டு? கம்ப்யூட்டர்ல உக்காந்தா தானா வந்துரும்."

"பாக்கிறவன் யாரு, அவன் கண்ணு மொதல்ல எங்க போவும்னு தெரியாம எதைடி போடுறது?"

நீ சிரித்தாய். சிரித்துக்கொண்டே நான் போடும் ஒவ்வொரு கட்டத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாய். முதல் பக்கத்தில் விடிகாலைக் கடல். அதன்மேல் நான்கே சொற்கள்: நான், கற்றது, செய்தது, தொடர்பு. 'நான்' என்பதைத் தொட்டால் மீன் கூடையோடு என் அம்மா. 'செய்தது' என்பதைத் தொட்டால், எங்கள் ஊரில் எந்தப் படகு கடலில் இருக்கிறது, எது கரை திரும்பிவிட்டது என்று காட்டும் பக்கம். அந்த அலைக்குப் பிறகு எங்கள் தெருப் பெண்கள் கரையில் நின்று ஆளாளுக்குக் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது. அதற்காகத்தான் அந்தப் பக்கத்தை எழுதினேன்.

"மீன் கூடையோட அம்மா படமா? வர்றவங்க மூக்கைப் பொத்திக்கப்போறாங்கடி" என்று சொன்னவள் நீதான்.

பிரவுசிங் சென்டரில் இணைப்பு அடிக்கடி அறுந்துபோனது. உன் வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தது. "சிடியில போட்டுக் குடு, நான் ஏத்திடுறேன்" என்றாய். கொடுத்தேன். உன்னிடம் கொடுக்காமல் வேறு யாரிடம் கொடுப்பேன்?

கம்பெனிக்காரர்கள் வந்த அன்று உன்னை முதலில் கூப்பிட்டார்கள். திரையில் என் கடல் விரிந்தது. அதன்மேல் உன் பெயர். 'நான்' பக்கத்தில் புதுப்பாவாடை தாவணியில் நீ. என் அம்மாவைத் தூக்கி 'செய்தது' பக்கத்தில் போட்டிருந்தாய். கீழே ஒரு வரி: மீனவப் பெண்களிடையே நான் செய்த களப்பணி. வந்தவர்களுக்குப் படகுப் பக்கம் மிகவும் பிடித்துவிட்டது. திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தார்கள்.

பிறகு என் முறை. அதே கடல், அதே சொற்கள். "காப்பியடிச்சிட்டு வந்து நிக்கிறியே, வெக்கமா இல்ல?" என்றார் சார்.

"சார், அது எங்க அம்மா" என்றேன். வகுப்பே சிரித்தது. நான் உன்னைப் பார்த்தேன். நீ உன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

வேலை உனக்குக் கிடைத்தது. நடந்ததை அம்மாவிடம் சொன்னேன். அவள் சத்தம் போடவில்லை. மறுநாள் வழக்கம்போல மீன் விற்கக் கூடையோடு நெடுங்காடு போனாள். உன் அம்மா வாசலுக்கு வந்து "என்ன மீனு?" என்று கேட்டதற்கு, "இந்தத் தெருவுக்கு இனிமே மீனு கிடையாது" என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள். அவள் மீன் விற்க நடப்பதை நிறுத்திய நாள்வரை அந்தத் தெருவில் கூடையை இறக்கவில்லை.

திருப்பிக் கொடுக்க என் முறையும் வந்தது. வேலைக்குப் போன சில மாதத்தில் நீயே போன் செய்தாய். "ஏய், அந்தப் படகுப் பக்கத்தை எப்படி எழுதின? அதே மாதிரி இன்னொண்ணு கேக்குறாங்கடி. மாட்டிக்கிட்டேன்." மன்னிச்சுக்கடி என்ற ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தேன். நீ சொல்லவில்லை.

"களப்பணி செஞ்சவ நீதான. போய் மீனவப் பெண்களைக் கேளு" என்று வைத்துவிட்டேன்.

நீ வேலையை விட்டு ஊருக்குத் திரும்பிவிட்டாய் என்று கேள்விப்பட்ட அன்று நான் வயிறு நிறையச் சாப்பிட்டேன். இன்றும் அதற்காக வருந்தவில்லை. அதற்குப் பிறகு ஒருமுறை பேருந்து நிலையத்தில் என்னைப் பார்த்து நீ நின்றாய். நான் நிற்கவில்லை. போன மாதம் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது.

உன் நினைவுப் பக்கத்தையும் முதலில் காகிதத்தில்தான் போட்டேன். உன் முகம், உன் குடும்பம், நீ நட்ட செம்பருத்தி. உன் அண்ணன் வந்து பார்த்தார்.

"நல்லாருக்கும்மா. ஆனா அவ காலேஜ்ல செஞ்ச வெப்சைட்டைக் காணோமே? வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா அதைத்தான் தொறந்து காட்டுவாங்க."

"அது அவ செஞ்சது இல்லண்ணே. நான் செஞ்சது."

எல்லாவற்றையும் சொன்னேன். எதையும் குறைக்கவில்லை, கூட்டவும் இல்லை. அவர் காகிதத்தை மேசைமேல் வைத்தார். பிறகு, "அப்பாவுக்குத் தெரிய வேணாம்மா. தாங்க மாட்டாங்க" என்றார்.

"தெரியட்டும். எங்க அம்மா தாங்கிக்கிட்டாங்க."

அவர் எழுந்து போனார். நேற்று அந்தப் பக்கத்தை ஏற்றிவிட்டேன். நீ செய்தது என்று அதில் எதுவும் இல்லை. உன் அப்பா இந்நேரம் திறந்து பார்த்திருப்பார், உன் அண்ணனிடம் காரணம் கேட்டிருப்பார்.

இவ்வளவு வருஷம் நான் காத்திருந்தது இதற்குத்தான். ஆனாலும் எனக்குப் போதவில்லை. இதைப் பார்த்துத் தலைகுனிய வேண்டியவள் நீ, உன் அப்பா இல்லை. செத்தவர்கள்மேல் கோபம் வைக்கக்கூடாது என்கிறார்கள். நான் வைத்திருக்கிறேன். கொஞ்சமும் குறையாமல் வைத்திருக்கிறேன். நீ உயிரோடு இருந்திருக்கலாமடி. உன்னோடு போட வேண்டிய சண்டை எனக்கு இன்னும் நிறைய மிச்சமிருக்கிறது.