வைக்கோல் போருக்குள் கரி

1987 ஏப்ரல் 2

வெயில் மண்டையைப் பிளக்கிறது. சத்துணவுக் கூடத்தில் பருப்பு முழுக்க வண்டு. புடைத்தே இடுப்பு போயிற்று.

இவரும் கொழுந்தனும் கிணற்றை இன்னும் ஆழம் வெட்டுகிறார்கள். தண்ணீர் இல்லை. மாலையில் கூடையில் மண்ணுக்குப் பதில் கறுப்புக் கட்டிகள். மரப்பட்டை மாதிரி உரிகிறது. கையில் எடுத்ததுமே தெரிந்துவிட்டது. பழுப்பு நிலக்கரி. பிறந்த வீட்டில் இதைத்தான் அடுப்பில் எரித்தோம். அந்த ஊர் இப்போது இல்லை. சுரங்கத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். எங்கள் வீடு இருந்த இடம் பள்ளம்.

ஏப்ரல் 4

கிணற்றை மூடச் சொன்னேன். கேட்டால்தானே.

"திண்டிவனம் ரோட்டுல ஒரு செங்கல் சூளைக்காரரு கீறாரு. கொஞ்சம் கொஞ்சமா போட்டா புது மோட்டாரே வாங்கிடலாம்."

"வெளிய தெரிஞ்சா நெலமே போயிடுங்க."

"நீ வாய மூடிக்கினு இரு. தானா ஒண்ணும் தெரியாது."

மனுஷனுக்கு மண்டை முழுக்கக் களிமண்.

ஏப்ரல் 7

கட்டிகளை எங்கே ஒளிப்பது என்று சண்டை. கடைசியில் மாட்டுக் கொட்டகை பக்கத்து வைக்கோல் போர். நடுவில் பிடுங்கி, ஈரத்தோடு உள்ளே தள்ளி, மேலே வைக்கோல் போட்டு மூடியாயிற்று. தினமும் இன்னும் சேர்க்கிறார்கள். இவருக்கு ஒரே பெருமை.

பக்கத்து நிலத்துக் காசியம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். வரப்புத் தகராறில் மூன்று வருடமாகப் பேச்சு இல்லை. போன வருடம் புதுக் கிணறு வெட்டி, தண்ணீர் வரவில்லை என்று அவர்களே மூடினார்கள். இவர் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். அந்தக் கோபம் வேறு இருக்கும்.

வாங்க: சீயக்காய், மண்ணெண்ணெய். கொழுந்தனுக்கு பீடி (மாட்டேன்).

ஏப்ரல் 11

காசியம்மா காலையில் விழுப்புரம் பஸ் ஏறினாள். தாலுகா ஆபீசுக்கா? மாலை வரை கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கேப்பைக் களி அடிபிடித்தது. திரும்பி வந்தவள் கையில் ஒரு மஞ்சள் பை, அவ்வளவுதான். பைக்குள் என்ன? அவளைக் கண்டாலே பற்றிக்கொண்டு வருகிறது.

ஏப்ரல் 14

வருடப்பிறப்பு. வடை, பாயசம். சூளைக்காரர் வியாழன் வருவாராம்.

போரில் கை வைத்தேன். சூடு. வெயில் என்கிறார் இவர். வெயில் படாத பக்கம்தான் சுட்டது. சொன்னேன்.

"ஒனக்கு எப்பப் பாரு பேஜாரு."

ஏப்ரல் 15

விடியும்போதே புகை. யாரும் தீ வைக்கவில்லை. உள்ளே கரி தானாகவே கனன்று பற்றியிருக்கிறது. அம்மா கரியைக் குவிக்க விடமாட்டாள், முற்றத்தில் பரப்பித்தான் போடுவாள். ஏன் என்று நான் கேட்டதே இல்லை. பாவி, கேட்டிருக்கலாம்.

மாடுகளை அவிழ்த்துவிட்டோம். ஊரே ஓடி வந்தது. "ஜல்தி பிரிச்சிப் போடு" என்று யாரோ. பிரிக்கப் பிரிக்கச் சிவந்த கட்டிகள் உருண்டன. எல்லோரும் பார்த்தார்கள். நிலம் போயிற்று என்று நினைத்தேன்.

காசியம்மா கழியால் ஒரு கட்டியைப் புரட்டினாள். "பாத்துக்கினு நிக்கிறீங்களே. கெணத்துல கொட்டுங்க."

கூடை, மண்வெட்டி, பாண்டுச் சட்டி என்று கையில் கிடைத்ததில் அள்ளினார்கள். கரி உள்ளே, அதன் மேல் மண். நானும் அள்ளினேன். கையில் கொப்புளம்.

தீயணைப்பு வண்டி வந்தபோது வெறும் சாம்பல். கூட ஜீப்பில் தாலுகா ஆபீஸ் அதிகாரி ஒருவர்.

"என்னம்மா எரிஞ்சுது?"

காசியம்மா முன்னால் வந்தாள். "வைக்கோலு சார். மாட்டுக்குக் கொசு மூட்டம் போட்டாங்க, பத்திக்கிச்சி."

"கிணத்த ஏன் மூடறீங்க?"

"தண்ணி வர்ல சார்." அதற்கும் அவளே பதில்.

எழுதிக்கொண்டு போய்விட்டார்.

ஏப்ரல் 16

சூளைக்காரர் லாரியோடு வந்தார். "சரக்கு எங்கங்க?"

இவர், "இன்னா சரக்கு?"

மாலையில் வரப்பைத் தாண்டிப் போனேன். காசியம்மா மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அந்த மஞ்சள் பை, அதில் விதைக்கடலைதான். "எங்களுக்காக எதுக்குக்கா பொய் சொன்ன?" என்றேன். மூன்று வருடத்தில் முதல் பேச்சு.

நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "போன வருசம் எங்க கெணத்த இன்னாத்துக்கு மூடினோம்னு நெனச்ச?"